அக்காவின் கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை

அக்கா,

நீ வரச்சொன்ன கம்ப்யூட்டர் கடைக்காரர் மத்தியானம் வருவார். உள்ளே விடாதே. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருவார். உன் ஆய்வேடும் அதோடு போய்விடும். நீதான் எங்கேயும் நகல் வைக்கிற ஆளில்லையே. இப்போது பென் டிரைவில் போட்டு, வீட்டுச்சாவியோடு ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

வைரஸ் ஏதும் இல்லை. இரண்டு முறை ஸ்கேன் செய்துவிட்டேன். புது கீபோர்டு வந்ததும் பழைய வயர்லெஸ் கீபோர்டை என்ன செய்தாய்? அணைக்காமல் அலமாரியில் வைத்து, அதன் தலையில் அகராதியை ஏற்றிவிட்டாய். அதன் ரிசீவர் இன்னும் கம்ப்யூட்டருக்குப் பின்னால்தான் செருகியிருந்தது. தானாக டைப் அடித்த பேய் அதுதான்.

"வேலையையும் விட்டுட்டு, கண்டதையும் டவுன்லோடு பண்ணி வைரஸ் கொண்டுவந்துட்டான்" என்று அம்மாவிடம் சொன்னாய் அல்லவா, நீயே போய் மாற்றிச் சொல். நைட் ஷிஃப்ட் வேலையை விட்டது உண்மை. மற்றது பொய்.

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதே.

தம்பி

மறந்துவிட்டேன்: ஐந்தாம் அத்தியாயத்தில் மூன்று பக்கத்துக்கு வெறும் 'ம' ஓடுகிறது. அனுப்பும் முன் அழித்துவிடு. மற்றபடி நன்றாக எழுதியிருக்கிறாய். கடைசிவரை படித்தேன்.