பதினைந்தாம் கட்டில்

என் கட்டிலின் மறுபாதிக்கு,

கோபமெல்லாம் இல்லை. நீ எழுதியதே மூன்று வரி. அதில் ஒன்றைக் கோபமா என்று கேட்கவா செலவழிப்பாய்? கோபப்படவும் தெம்பு வேண்டும், நெட்டை. நான் இங்கே மாடிப்படியையே எண்ணி எண்ணித்தான் ஏறுகிறேன்.

நீ நலமா, வீட்டில் எல்லோரும் நலமா என்று முறைப்படி முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு எப்படிச் சேதி சொல்வது? கேஸ் ஷீட்டின் பின்பக்கம் கிடைத்தது. எழுதுகிறேன்.

அறை அப்படியே இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு கட்டில். குடிவந்த அன்று வீட்டுக்காரம்மா, இரண்டு பேருக்கு ஒரு கட்டில் எப்படிப் போதும் என்று கேட்டார். "நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கவே மாட்டோம்மா" என்றாய். அவர் நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அன்று மாலைவரை சிரித்தோம். அதன் பிறகு சேர்ந்து சிரிக்க நமக்கு நேரம் வாய்த்ததாக நினைவில்லை.

நீ பகல் என்றால் நான் இரவு. நீ இரவு என்றால் நான் பகல். டியூட்டி மாறும் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் நின்றபடி பதினைந்து நிமிடம், பதினான்கு கட்டில், நோட்டைப் பார்த்து ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்க வேண்டும். அவ்வளவுதான் நம் சந்திப்பு. ஆனாலும் அறைக்கு வந்தால் போர்வையில் உன் கால் நீளத்துக்கு ஒரு குகை இருக்கும். தலையணையில் ஒரு பள்ளம். நீ ஒரு நாளும் மடித்ததில்லை. திட்டிக்கொண்டே அதற்குள் நுழைவேன். சூடு ஆறியிருக்கும். ஆனாலும் யாரோ எழுந்துபோன கட்டில் என்று உடம்புக்குத் தெரியும். உடனே தூங்கிவிடும்.

இப்போது நானே மடித்து நானே விரிக்கிறேன். தூக்கம் இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே போர்வையைக் கலைத்துப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அதே குகை. உடம்பு ஏமாறவில்லை.

இரண்டு வருடம் ஒரே கட்டில். நீ தூங்கி நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

வார்டுச் செய்தி. ஒன்பதாம் கட்டில் கண்டக்டர் தேறிவிட்டார். நீ இருந்தபோது மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்தவர், இப்போது மொத்த வார்டையும் பஸ்ஸாக ஓட்டுகிறார். போன வாரம் அவர் கையில் நரம்பு தேடிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. "டாக்டரம்மா, சீட்டு காலியாத்தான் இருக்கு, ஏறிப் படுங்க, நான் வேணா ஃபுட்போர்டுல வர்றேன்" என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான்காம் கட்டில் பெரியவர் போய்விட்டார். உன்னை 'பெரிய பாப்பா' என்று கூப்பிடுவாரே, அவர்தான். நேரத்தை எழுதினேன். அவர் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இன்று பதின்மூன்று பேரைப் பற்றி எழுதினால் போதும். அதுதான் தோன்றியது. பிறகு கை கழுவப் போனேன். குழாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. மூடியது ஞாபகம் இல்லை. தலைமை நர்ஸ் வந்து மூடினாராம்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தினமும் போனில் சாப்பிட்டாயா என்கிறார். சாப்பிட்டேன் என்கிறேன். அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டா என்ன.

இனி நேற்று நடந்தது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துவிட்டேன்.

உன் இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார். புதுசு. இன்னும் சட்டையை இஸ்திரி போட்டு அணிகிற ரகம். நாம் அதை எந்த மாதத்தில் நிறுத்தினோம்? நேற்றுக் காலை எட்டு மணிக்கு நோட்டை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சரிபார்த்தார். கடைசியில் வார்டை மூன்று சுற்றுச் சுற்றினார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கழிவறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தலைமை நர்ஸிடம் போய், "சிஸ்டர், பதினஞ்சாவது கட்டில் எங்க இருக்கு?" என்று கேட்டார். இந்த வார்டு ஆரம்பித்த நாளிலிருந்து பதினாலுதான் என்றார் நர்ஸ். "இல்ல சிஸ்டர், ஒரு லேடி பேஷண்டுன்னு போட்டிருக்கு" என்றார் புதுசு. "ஆம்பளைங்க வார்டுல ஏதுப்பா பொம்பளை, ராத்திரியெல்லாம் கனவு கண்டியா?" என்று நர்ஸ் சத்தமாகச் சிரித்தார். கண்டக்டரும் கட்டிலிலிருந்தே, "யாரோ டிக்கெட் எடுக்காம ஏறியிருக்காங்க" என்றார்.

பிறகு நர்ஸ் நோட்டை வாங்கிப் படித்தார். சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

என் கையெழுத்துதான். பதினான்குக்குக் கீழே, அதே மையில், அதே வேகத்தில்:

15. பெண். 27 வயது. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. அழுகையும் இல்லை. தனியாக விட வேண்டாம்.

சத்தியமாக, எழுதியது எனக்குத் தெரியாது. எண் போட்டுக்கொண்டே போன கை நிற்காமல் போயிருக்கிறது.

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று போனேன். இரண்டு தடவை படித்தார். "இந்த பேஷண்ட யார் பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை சார் என்றேன். டிராயரைத் திறந்து விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்தார். ஒரு மாதம் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, என் இடத்தைக் காலியாக விட்டுத் தள்ளினார். "நீயும் போனா யாரை வெச்சு ஓட்டறதுன்னு எனக்குத் தெரியல. அது என் தலைவலி. நாளைக்கு மூணு மணிக்குள்ள கொடு. இன்னிக்கு ராத்திரி நானே நிக்கறேன்" என்றார். கடுகடுவென்றுதான் சொன்னார். கதவருகே போனபோது, உன்னைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். படிவத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன்.

அந்தப் படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. பகல் மணி ஒன்றரை. காரணம் என்று ஒரு கட்டம். குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன். அடித்தேன். வயிற்று வலி என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

எழுத முடியாததற்குக் காரணம் நீ.

வார்டில் உன் கடைசி நாள் ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் கட்டில்வரை ஒழுங்காகச் சொன்னாய். பதினொன்றில் குரல் இறங்கியது. பன்னிரண்டில் சுவரில் கை வைத்தாய். நான் பார்த்தேன், நெட்டை. பார்த்தும் கேட்கவில்லை. மீதி இரண்டையும் சொல்லி முடிப்பாயா என்றுதான் காத்திருந்தேன். பதினான்கு பேரையும் ஒப்படைத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தாய். எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் உன் அப்பா வந்து அழைத்துப் போனார். நான் டியூட்டியில் இருந்தேன். ஐந்து நிமிடம் இறங்கி வந்திருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வாரம் கேன்டீனில், நெட்டை எங்கே என்று யாரோ கேட்டார்கள். "தாங்கல, ஓடிட்டா" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அதே மேசையில் என்னையும் அப்படித்தான் சொல்வார்கள். போடாவிட்டால், இன்னொரு நான்காம் கட்டில் வரும். அப்போதும் நான் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். அல்லது கைமறதியாக ஒரு மருந்தின் அளவை மாற்றி எழுதுவேன். நேற்று கை தன் போக்கில் ஒரு வரி எழுதியது. அடுத்த முறை என்ன எழுதுமோ.

கோபமா என்று நீ என்னைக் கேட்டிருக்கிறாய். நான் கேட்க வேண்டிய கேள்வி அது.

அங்கே நீ இப்போது பகலில் தூங்குகிறாயா, இரவிலா? ஜன்னல் எந்தப் பக்கம்? யாராவது உன்னை எழுப்புகிறார்களா? எழுப்பாமல் இருக்கச் சொல். நீ நன்றாகத் தூங்க வேண்டும். எவ்வளவு நாளானாலும் தூங்கு.

நான் வந்தால் வாசலில் வைத்துக் காரணம் கேட்காதே. உள்ளே விடு, போதும். உன் அம்மாவிடம் எனக்கென்று தனியாகக் கட்டில் எதுவும் போட வேண்டாம் என்று சொல். நீ எழுந்துபோன கட்டில் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்தான். போர்வையை மடிக்காதே.

பதினான்கு பேரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, உன்னை மட்டும் கேட்காமல் விட்ட,
குட்டை

பின்குறிப்பு: காரணம் என்ற கட்டத்தில் பதினைந்தாம் கட்டிலின் வரியை அப்படியே பார்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டே முக்காலுக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, கேன்டீனுக்குப் போய் அதே மேசையில், நீ ஓடவில்லை, உனக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னேன். வியாழக்கிழமை காலை உன் ஊர் பஸ்ஸுக்கு ஒரு சீட்டு எடுத்தேன்.