அண்ணன் பெயரில் தங்கையின் ரத்தம்

1999 மே 4, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இரண்டு முறை கரண்ட் போய், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

எபினேசர், 31. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங். பெருங்குடலில் கட்டி. அப்பா, சித்தப்பா இருவரும் இதே நோயில், இளம் வயதில் போனவர்கள். அம்மாவைக் கேட்டால் தோல் பதனிடும் டேனரித் தண்ணிதான் காரணம் என்கிறார்.

எங்கள் லேப்பின் சந்தேகம் வேறு. டி.என்.ஏ.வின் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணுவே பரம்பரையாகப் பழுது. அதனால் கட்டிக்குள் பிழை மேல் பிழை. 'வளர்ந்தது போதும்' என்ற செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் பத்து 'ஏ' எழுத்து வரிசையாக இருக்கணும். ஒன்று விழுந்தால் செல்லுக்குக் காது அடைத்த மாதிரிதான்.

மே 6, வியாழன்

கட்டியில் ஒன்பது. ரத்தத்தில் பத்து. துள்ளிக் குதித்தேன். அரை மணி நேரச் சந்தோஷம். மற்ற அடையாளங்கள் பாதி பொருந்துகின்றன, பாதி ஒட்டவே இல்லை. ஒரே ஆளின் கட்டியும் ரத்தமும் இப்படி வராது. லேப் டாக்டர் ஜெல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆள் மாறிடுச்சும்மா" என்றார்.



வாங்க: தயிர், மெழுகுவத்தி, இன்லேண்ட் லெட்டர்.

மே 8, சனி

வார்டில் விசாரித்தேன். எபினேசரின் தங்கை ரூத், ரத்தம் எடுக்க நான் அனுப்பிய சீட்டைக் கொண்டுபோய்த் தன் கையை நீட்டியிருக்கிறாள். "அண்ணன் உடம்புல ரத்தமே கம்மிக்கா. ரத்தம் வேணும்னாங்க, நான் குடுத்துட்டேன்."

திட்ட வாய் வரவில்லை. இங்கே ரத்தம் என்றாலே சொந்தக்காரர்கள்தான் கை நீட்டுவார்கள். சீட்டில் நம்பரை மட்டும் எழுதி அனுப்பியது நான். வார்டுக்கு மாடி ஏறச் சோம்பல். ஐந்து நாள் வேலை தண்டம்.

எபினேசரிடம் நானே புதிதாக ரத்தம் எடுத்தேன்.

ரூத்துக்கு 23. அடுத்த மாதம் கல்யாணம். அந்தப் பழுது அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்தால் ஒழுங்காகக் குடலில் குழாய் விட்டுப் பார்த்து, முளையிலேயே பிடிக்கலாம். அவள் ரத்தம் என் ஃபிரிட்ஜில். சம்மதமில்லாமல் தொடக்கூடாது என்றார் டாக்டர். அவளிடம் எல்லாம் சொன்னேன். அம்மாவைக் கேட்கணுமாம்.

மே 10, திங்கள்

புழுக்கம். லேப் வாசலில் ரூத், கூடவே அம்மா. அம்மாதான் பேசினார். மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடும், ஒரு டெஸ்ட்டும் வேண்டாம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்கு அப்புறமாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

தரையையே பார்த்திருந்த ரூத் நிமிர்ந்தாள். "என் ரத்தத்த கொட்டிடுங்கக்கா. நான் பாக்கணும்."

பிளீச்சிங் ஊற்றி சிங்க்கில் கொட்டினேன். பிரித்தெடுத்த டி.என்.ஏ. தனியாகச் சின்னக் குழாயில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதையும் கொட்டினேன்.

"ஸ்தோத்திரம்" என்றார் அம்மா.