கரடியூரில் அழித்த தாலாட்டு

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் பழைய கேசட் ஒன்றைத் திறந்தேன். பூஞ்சை பிடித்த நாடாவின் வாடை. ஏற்காட்டு மலைக் கிராமமான கரடியூரில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து நீ இறங்கியது நினைவுக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. நூலக அறிவியல் துறையில் நாம் இருவரும் புது விரிவுரையாளர்கள். மலைப் பாட்டுகளைப் பதிந்து கணிப்பொறியில் சேர்க்கலாம் என்று முதலில் சொன்னவள் நீதான். துறையில் சிரித்தார்கள். கரடியூரில் சின்னப்பொண்ணு அக்கா, இறந்துபோன தன் மகளுக்குப் பாடிய தாலாட்டை நமக்காகப் பாடினார். "வெளிய யாருக்கும் போட்டுக் காட்டிராதீங்க கண்ணு" என்றார். இருவரும் தலையாட்டினோம். நாடாவைத் துறையின் பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

அடுத்த மாதம் கேசட் வியாபாரி ஒருவர் துறைக்கு வந்தார். பதிவுகளையெல்லாம் இலவசமாகக் கணிப்பொறிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்.

"சும்மா செஞ்சு தர்றதுல உங்களுக்கு என்னங்க லாபம்?" என்று கேட்டாய். சேவை என்றார். நீ அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாய்.

ஆனால் கோடையில் ஏற்காடு பஸ் நிலையத்து டீக்கடையில் அந்தத் தாலாட்டு அக்காவின் குரலிலேயே ஒலித்தது, தபேலா சேர்த்து.

"பீரோ சாவி உங்கிட்டயும் இருந்துச்சில்ல?" என்றாய் என்னிடம்.

"உங்கிட்டயும்தான்" என்றேன். மூன்றாவது சாவி துறைத்தலைவரிடம். அவரைக் கேட்கும் துணிவு இருவருக்கும் இல்லை. சில வாரங்கள் ஒருவர் மேசையை மற்றவர் வேவு பார்த்தோம்.

கடைசியில் நீதான் மூல நாடாவை எடுத்துக்கொண்டு கரடியூருக்குக் கிளம்பினாய். நானும் கூட வந்தேன், உன்னை நம்பாமல்தான்.

"நொம்ப நம்புனேன் சாமி" என்றார் அக்கா. நாடாவை ஒருமுறை முழுக்கக் கேட்டார். பிறகு, "போதும், அழிச்சுரு" என்றார். காப்பகத்துக்காரி நீ, பதிவுப் பொத்தானை அழுத்தி, மூன்று பேரின் மௌனத்தை அந்தப் பாட்டின்மேல் ஓடவிட்டாய்.

திரும்பும் பஸ்ஸில், "இன்னும் உம்மேல பாதி சந்தேகம் இருக்குது" என்றாய்.

"எனக்கும்" என்றேன். வெகுநாள் கழித்துச் சிரித்தோம்.

அந்த நாடாவை வெளியே யார் கொடுத்தார்கள் என்று தெரியாமலே நீ கண்ணை மூடிவிட்டாய். எனக்கும் தெரியாது. இன்று எங்கள் மின்காப்பகத்தில், பாடியவர் வீட்டார் சம்மதிக்காமல் எந்தப் பாட்டும் வெளியே போவதில்லை. யார் எதை இலவசமாகத் தந்தாலும் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன். அந்தத் தாலாட்டு மட்டும் எனக்கு அடி பிசகாமல் மனப்பாடம். இதுவரை யாருக்கும் பாடிக் காட்டியதில்லை.