எட்டாம் பாடத்தின் கார்பன் நகல்

12 ஜூன் 1986, வியாழன்
காலையிலிருந்தே புழுதிக்காற்று. குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள்.

அஞ்சல்வழிக் கிரேக்கம், எட்டாம் பாடம்: பெயரடைகள், ஒப்பிடும் நிலைகள். பெயர்ச்சொல் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று பார்த்து, வாலை மாற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறது பெயரடை. சபைக் கமிட்டிக்காரர்கள் ஞாபகம். நமக்கு 'விட' என்ற ஒரு சொல் போதும். இவர்களுக்குச் சொல்லே உருமாற வேண்டும். சொஃபொஸ், சொஃபோதெரொஸ், சொஃபோததொஸ். ஞானி, அவனைவிட ஞானி, எல்லாரிலும் பெரிய ஞானி.

பத்துப் பாடத்திலும் நாற்பது வாங்கினால்தான் குருப்பட்டத்துக்குப் பெயர் போகும். வயது நாற்பத்தேழு. தவறினால் தமிழ் வாத்தியாராகவே ரிடையர் ஆகலாம். இதுவரை எல்லாம் எழுபதுக்கு மேல்.

14 சனி
விடைத்தாளில் சபை ஐயரின், அதாவது போதகரின், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அவர்தான் மதுரை இறையியல் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். விதி. ஐயர் யார்? தேவதாஸ். கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் குருப்படிப்புக்கு ஒரே இடம், இருவரும் கேட்டோம். அவனுக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு தாளையும் மூன்று நாள் வைத்திருக்கிறான். கையெழுத்துக்கு மூன்று நாளா? எனக்குத் திரும்பி வருவது மதிப்பெண் கார்டு மட்டும். எதையோ கெடுக்கிறான். தொண்ணூறு வந்திருக்க வேண்டியவன் நான்.

மனைவியிடம் சொன்னேன். "அவுக ஒங்க பேப்பர வச்சு என்ன, அப்பளமா பொரிக்கப் போறாக?"

16 திங்கள்
பொறி வைத்தாயிற்று. தெரிந்த விடை ஒன்றை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். 'அதைவிடப் பெரிய' என்பதற்கு மெய்ஸோன். மெகதெரொஸ் என்று போட்டேன். கெடுக்கிறவன் தப்பைத் தொடமாட்டான், சரியானதில்தான் கை வைப்பான். தாள் தேவதாஸிடம், கார்பன் நகல் என்னிடம். தாளையே திருப்பி அனுப்பச் சொல்லி மதுரைக்குத் தனிக் கடிதம். அருப்புக்கோட்டை போய்ப் போட்டேன். பாலவனத்தம் தபாலை நம்புவதற்கில்லை.

3 ஜூலை, வியாழன்
தாள் வந்தது. எழுபத்தாறு. நகலோடு வரி வரியாகப் பார்த்தேன்.

மெகதெரொஸ் சுரண்டியிருக்கிறது. அதே நீல மையில், என் எழுத்தைப் போலவே, மெய்ஸோன். நான் வேண்டுமென்றே போட்ட தப்பு ஒன்று. தெரியாமல் போட்டவை பதினொன்று. பன்னிரண்டும் திருத்தியிருக்கிறான்.

அப்படியானால் ஆறாம் பாடத்தின் எழுபத்தெட்டு யாருடையது?

சாப்பிடவில்லை.

4 வெள்ளி
தேவதாஸ் குடியிருக்கும் குருமனைக்குப் போய்த் தாளை நீட்டினேன். மறுக்கவில்லை. அவனுக்கும் பாதி மறந்துவிட்டதாம், மூன்று நாளும் அகராதியோடு உட்கார்ந்தானாம். ஐயரம்மா காப்பி வைத்துவிட்டு உள்ளே போன பிறகு சொன்னான்:

"ஏலே, அன்னைக்கு அந்த ஒரே எடத்துக்கு ஆள் எடுத்தப்ப கமிட்டியில ஒன்னப் பத்திக் கேட்டாக. நல்லவன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

இத்தனை வருஷச் சந்தேகம் சரியாகப் போயிற்று. சந்தோஷம் வரவில்லை.

நான் தேறினால் வேறு சபைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் தொலையட்டும் என்று திருத்தினானோ. அதுவும் இருக்கும்.

7 திங்கள்
ஒன்பதாம் பாடம். தாளைக் கவிழ்த்து வைத்துக் கையெழுத்து வாங்கினேன். "ஒரு தடவ பாத்துட்டுத் தாரேம்லே" என்றான். முத்திரையைக் குத்தச் சொன்னேன். கவரை அங்கேயே ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன்.

21 திங்கள்
தூறல். மண் நனையவில்லை. கார்டு வந்தது. முப்பத்தெட்டு. மறுபடி ஒரே ஒரு முறை எழுதலாமாம்.

பள்ளிக்கூட வாசலில் தேவதாஸ் சைக்கிளை நிறுத்தி, எவ்வளவு என்று கேட்டான். எழுபத்தொன்று என்றேன்.