மனாசேயின் பலிபீடங்கள்

மார்ச் 3
குழந்தை ஒருவழியாகத் தூங்கினாள். ஞாயிறு சர்ச்சில் பெண்கள் வகுப்பில் நான்தான் பேச வேண்டும். பாடம், மனாசே ராஜா. பைபிளின் இராஜாக்கள் புத்தகத்தில் அவன் பெற்ற பிள்ளையைத் தீயில் போட்டவன், ஊரை இரத்தத்தால் நிரப்பியவன். அப்படியே செத்தும் போகிறான். அதே பைபிளின் நாளாகமத்தில் அதே ஆள் சங்கிலியோடு பாபிலோன் போய், அழுது ஜெபித்து, மனம் திரும்பி ஊர் வருகிறான். எது மனாசே?

"யாரு மனாசே? உன்கூடப் படிச்சவனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 4
தம்பி போன் செய்தான். அப்பா குழந்தையைப் பார்க்க வரணுமாம். "குடியை விட்டுட்டாருக்கா. சாயங்காலமானா பைபிளோட உக்காந்துடறார்." அப்பாவோடு இருப்பவன் அவன்; அவனுக்குத் தெரியாதா?

அக்காவிடம் சொன்னேன். "என் முழங்கையக் கேளு, அவர் யாருன்னு அது சொல்லும்." குடித்துவிட்டு அப்பா முறுக்கிய கை. இன்னும் முழுதாக நீளாது.

மார்ச் 6
ஒருவர் எழுதாமல் விட்டதை இன்னொருவர் எழுதினார் — சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் அந்நிய தெய்வங்களுக்குக் கட்டிய பலிபீடங்கள்? மனாசேயே அவற்றைத் தூக்கி ஊருக்கு வெளியே எறிந்தான் என்கிறது நாளாகமம். பேரன் யோசியா வந்துதான் இடித்தான் என்கிறது இராஜாக்கள். எறிந்தது எப்படித் திரும்ப வந்தது?

போதகரிடம் கேட்டேன். "நடுவுல மகன் ஆமோன் ஆண்டானேம்மா. அவன் திரும்ப வெச்சிருப்பான்."

சப்பைக்கட்டு. எவ்வளவு வசதியாக ஒரு மகன்!

மார்ச் 7
அக்கா சொல்லாமல் கொள்ளாமல் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். பரணில் பாதி பாட்டில். "கத்து கத்துன்னு கத்தினேன். வாயத் திறக்கலியே மனுஷன். திறக்க என்ன இருக்கு?"

அவ்வளவுதான். அப்பா வர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். என் குழந்தை, நான்தானே பார்க்கணும்? சரிதானே? பின்னே ஏன் இன்னும் தூங்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 8
வகுப்பில் ஒரு பெண் நேராகவே கேட்டாள், மனாசே திருந்தினானா இல்லையா என்று. தெரியாது என்றேன். சிரித்தார்கள்.

மார்ச் 10
தம்பி வந்தான். உட்காரக்கூட இல்லை. "அது என் பாட்டில்க்கா."

எனக்கு மண்டையில் ஏறவில்லை.

"வேலை போனதிலேர்ந்து... பெரியக்கா கத்தறப்ப பக்கத்து ரூம்லதான் இருந்தேன். அப்பா என்னைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல."

மகன் திரும்ப வைத்திருக்கிறான்! சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. இவனை இனி யார் பார்ப்பது? போதகர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், அக்காவின் கை நீளுமா அதனால்?

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ அப்பாவக் கூப்பிட்டுக்கோடி. நான் வரல."

மார்ச் 14
அப்பா வந்தார். வாசலிலேயே தயங்கினார். "கை கழுவிட்டு வந்துடறேம்மா."

குழந்தையைக் கொடுத்தேன். அவர் கைகளுக்கு அடியில் என் கைகளையும் வைத்துக்கொண்டேன். எடுக்கச் சொல்லவில்லை அவர்.