இரண்டு வரிகளில் ஒன்று

பேராதனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரியாந்தினிக்கு,

நீர் தொலைபேசியை எடுக்கிறீர் இல்லை. கடிதத்தையாவது பிரிப்பீர் என்று நம்பி எழுதுகிறேன். ரொறன்ரோவில் குளிர் தொடங்கிவிட்டதாம். அக்காவிடம் சொல்லி நல்ல சப்பாத்து வாங்கிக்கொள்ளும். இங்கே ஒரே மழை. வீட்டில் நானும் கூரையில் ஓடும் குரங்குகளும்தான். சமையலைப் பற்றிக் கேட்காதீர், பாணும் பருப்பும்.

ஆய்வுகூடத்தில் டெங்கு வேலை முடியப்போகிறது. அந்த இலவச மென்பொருளை உமக்கு ஒருமுறை காட்டினேனே. ஒவ்வொரு நோயாளியிடமும் எடுத்த வைரஸின் மரபணு எழுத்துகள் ஒவ்வொரு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்று அடுக்கப்பட்டிருக்கும். நான்கு எழுத்து, நான்கு நிறம். வரிகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். ஆனால் எங்கள் டிலக்சனுடைய இரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயில் இலக்கம் ஒட்டியவன் நான்தானே. பிள்ளை போன பிறகும் அந்த வரி திரையில் இருக்கிறது. அது எங்கள் பிள்ளை அல்ல, பிள்ளையைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த வரி, மேல் ஒழுங்கை தாஸிம் நானாவின் மகன் ஹாஷிமுடையது. உமக்கு மட்டும் சொல்கிறேன். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். இரண்டு வரியும் அச்சொட்டாக ஒன்று. முதலிலிருந்து கடைசி வரை பலதரம் நகர்த்திப் பார்த்துவிட்டேன். எங்காவது ஒரு நிறம் மாறியிருந்தால், அதனால்தான் ஒருவன் வீட்டுக்கு வந்தான், மற்றவன் வரவில்லை என்று உமக்கு எழுதியிருப்பேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரே மாதிரியான வரிகளில் ஒன்று போதும், மற்றதை எடுத்துவிடு என்றார் பேராசிரியர் திருச்செல்வம். அது வழமைதான். அதற்கென்றே ஒரு கட்டளையும் உண்டு. அழுத்தினேன். டிலக்சனுடைய வரி போய்விட்டது. கீழே இருந்த வரிகள் சத்தமில்லாமல் மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டன. உடனே மீட்டெடுத்தேன். அப்படியென்றால் ஹாஷிமுடையதை எடுப்போமா என்று பார்த்தேன். அதற்கும் மனம் வரவில்லை. அவன் இன்னமும் எங்கள் வாசல் கேற்றடிக்கு வந்து, டிலக்சன் எப்போது வருவான் என்று கேட்கிறான். தாஸிம் நானாதான் வந்து தூக்கிக்கொண்டு போவார்.

போவதற்கு முன் அந்தூரியச் சாடிகளையெல்லாம் போட்டு உடைத்தீர். சாடிகளின் அடித்தட்டில் நின்ற தண்ணீர்தான் பிள்ளையைக் கொன்றது என்று சொல்லிச் சொல்லி அழுதீர். கேளும். கிட்டத்தட்ட இதே வரி பிலிமத்தலாவை வரைக்கும் பலரிடம் இருக்கிறது. எந்த நுளம்பு, எந்தத் தண்ணீர் என்று இந்த மென்பொருளால் சொல்ல முடியாது. உம்முடைய தட்டு இல்லை என்றும் அது சொல்லாது. உமக்கு நான் பொய் எழுதமாட்டேன். ஆனால் உம்முடைய தட்டுத்தான் என்று சொல்கிற ஒரே ஆள் நீர்தான், பிரியா.

உடைந்த சாடியொன்றின் செடி மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கிடந்து துளிர்த்திருக்கிறது. எடுத்துப் புதுச் சாடியில் வைத்தேன். அடியில் தட்டு வைக்கவில்லை.

இரண்டு வரியும் அப்படியே இருக்கின்றன. நாளைக்கு ஆய்வுகூடத்தில் கேட்பார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தனியே என்னால் ஏலாது.

முருகன் உம்மோடு இருக்கட்டும். வந்துவிடும். ஹாஷிம் மறுபடி கேற்றடியில் நின்று கேட்கும்போது, பதில் சொல்ல நாங்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும்.

உம்முடைய,
மயூரதன்