தாளின் இடது பக்கம்

ஜூலை 14, திங்கள்

இன்று காலை மட்டும் எத்தனை "அதான்". பல் துலக்கியபோது அதான். இட்லி ஊட்டியபோது அதான். ஜன்னலை மூடப் போனால் கோபமாக ஒரு அதான். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இருபத்துமூன்று நாள் ஆகிறது. வலது கையும் காலும் கொஞ்சம் அசைகின்றன. பேச்சில் மட்டும் இந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. ஆமாம் என்றாலும் அதான், இல்லை என்றாலும் அதான்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூருக்குப் போய் வந்துகொண்டு இவரைப் பார்க்க முடியாது. பதினோரு வருட வேலை. மேனேஜர், "யோசிச்சுச் சொல்லுங்க மதி, இடத்தை வெச்சிருக்கேன்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 17, வியாழன்

மதியம் ஒரு மணி நேரம் எதையோ கேட்டார். கடைசிவரை என்னவென்று தெரியவில்லை. இருவரும் அழுதோம்.

ஜூலை 21, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். பயிற்சி தருபவர் பெயர் அஃப்ரீன், சின்ன வயதுப் பெண். இவரிடம் பேசிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வார்த்தைதான் அடைபட்டிருக்கு அக்கா, யோசனை அடைபடலை" என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் ஒரு ஆளை வரைந்தார். அதிலிருந்து கிளை கிளையாகக் கோடுகள். ஒரு கோட்டின் முனையில் தண்ணீர்ச் சொம்பு, ஒன்றில் ஃபேன், ஒன்றில் தலைவலிக்குக் கையால் தலையைப் பிடித்திருக்கும் முகம். "மைண்ட் மேப்புன்னு ஸ்கூல் பிள்ளைங்க படிக்க வரைவாங்கல்ல, அதேதான். நடுவுல விஷயம், சுத்தி வழிங்க. அண்ணன் தொட்டுக் காட்டட்டும்."

எனக்கு வரையவே வராது என்றேன். "நல்லா வரையணும்னு யாரு சொன்னா?" என்றார்.

ஜூலை 23, புதன்

தொட்டார்! சட்டைப் படத்தைத் தொட்டார். ஒரு வாரமாக நான் போட்டுவிடும் அந்தப் பாலியெஸ்டர் சட்டை உறுத்துகிறதாம். கழற்றிப் பருத்திச் சட்டை மாட்டினேன். "அதான்" என்றார். இன்றைய அதான் வேறு மாதிரி இருந்தது.

திருச்சியில் படிக்கும் எழில்மொழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அம்மா, நிறைய வரைஞ்சு வைங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

அவருடைய அண்ணன் அறிவுச்செல்வன் மாமா வந்தார். சம்பாவுக்கு நாற்று விடும் நேரம் நெருங்குகிறது, நிலத்தை வீரையனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். கட்டிலில் இவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். இவரைப் பற்றி, இவருக்கு முன்னாலேயே, இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்.

"அவர்கிட்ட கேக்கணும் மாமா."

"அவனுக்கு என்ன புரியுது மதி? நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிற."

அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஜூலை 31, வியாழன்

மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவர் தூங்கும்போது எனக்காக ஒரு தாள் வரைந்தேன். நடுவில் "பயம்" என்று எழுதினேன். கிளைகள்: மறுபடி அட்டாக் வந்தால். எழிலின் படிப்பு. அவர் விழுந்துவிட்டால். எனக்கு ஏதாவது ஆனால். நிலம். எழுதி முடித்துப் பார்த்தால், நிலம் என்ற கிளைதான் தடித்திருந்தது. அதன்மேலேயே பேனாவைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன்.

என் அப்பா, இவருடைய அப்பா, எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள். எட்டு வருடம் குவைத்தில் கிடந்து இவர் வாங்கிய நிலம் அது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் இவர். அதை இன்னொருவர் கையில் கொடுத்தால் இவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 2, சனி

கேட்டுவிட்டேன். தாளின் நடுவில் வயல். இடது பக்கம் எங்கள் வீடும் நானும் – நாமே பயிர் வைப்பது. வலது பக்கம் வேறு ஒரு ஆள் – குத்தகை. விளக்கிச் சொன்னேன். இடது கையை நீட்டி எங்கள் வீட்டைத் தொட்டார்.

மாமாவுக்கு உடனே போன் செய்தேன். "அவரே சொல்லிட்டார் மாமா, நாங்களே வைக்கிறோம்." "சரி, ஒன் இஷ்டம்" என்றார்.

விதை நெல்லுக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விதை மூட்டை வந்து இறங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏன்?

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் முதல்முறையாக அவரே இடது கையால் சாப்பிட்டார். தட்டில் பாதிச் சோறும் கீரையும் காலி. மீதிப் பாதி, வாழைக்காய்ப் பொரியல் இருந்த பக்கம், தொடாமலே கிடந்தது. வாழைக்காய் இவருக்கு உயிர். பிடிக்கலையாங்க என்றேன். தட்டைக் காலி செய்துவிட்டவர்போல என்னைப் பார்த்தார். தட்டை எடுக்கும்போது அது கொஞ்சம் திரும்பியது. உடனே குனிந்து பொரியலைச் சாப்பிட ஆரம்பித்தார்.

வலது பக்கம் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

ஓடிப்போய்ப் பழைய தாள்களை எடுத்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். அவர் தொட்டதையெல்லாம் நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன். சட்டை – இடது. ரேடியோ – இடது. தண்ணீர் – இடது. வயல் தாளில் எங்கள் வீடு – இடது. ஒரே ஒரு வட்டம்கூட வலது பக்கம் இல்லை.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். குத்தகைங்கிற படத்தை அவரு பாக்கவே இல்லையே. எனக்கு வேணுங்கிறத அவரு கண்ணு முன்னாடி வெச்சுட்டு, அவரு சொன்னாருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே. மாமா சொன்னதுதானே சரி? நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அஃப்ரீனுக்குப் போன் செய்தேன். சோற்றுத் தட்டைப் பற்றிச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "வலது பக்கப் பார்வை பாதிச்சிருக்கலாம் அக்கா. நான் முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்கணும், என் தப்பு. டாக்டர்கிட்ட சொல்லிக் கண் டெஸ்டுக்கு ஏற்பாடு பண்றேன்" என்றார். இனி பக்கவாட்டில் கிளை வரையாமல் மேலிருந்து கீழாக வரையச் சொன்னார். தாளை அவருடைய இடது பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரே கேள்வியை இடம் மாற்றி மாற்றி மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றிலும் ஒரே படத்தைத் தொட்டால் அதுதான் பதில்.

"இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய் இல்ல அக்கா. பாதித் தாள்ல இருந்து சொல்லியிருக்காரு, அவ்வளவுதான்."

மறுபடி கேட்கப் பயமாக இருக்கிறது. இன்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் தலை சீவிவிட்டு, சாய்ந்து உட்காரவைத்துக் கேட்டேன். முதல் தாள்: மேலே எங்கள் வீடு, கீழே குத்தகை. குத்தகையைத் தொட்டார். இரண்டாம் தாள்: குத்தகை மேலே. அதையே தொட்டார். மூன்றாவதில் நடுவே பொருத்தமில்லாமல் ஒரு மாட்டையும் வரைந்து, குத்தகையைக் கடைசியில் தள்ளிவைத்தேன். மாட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார். விரல் கீழே இறங்கிக் குத்தகையில் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. "ஒங்களுக்குப் புரியலைங்க. நம்ம நெலம். அதுல இன்னொருத்தன் எறங்குவான், நாம பாத்துக்கிட்டு இருக்கணும்." சத்தமாகவே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்தார். பேனாவை இடது கையில் வாங்கி, வயலின் ஓரம் நான் வரைந்திருந்த சடை போட்ட பொம்மையை, அது நான், கோடு போட்டு அடித்தார். பிறகு சுவரைக் காட்டினார். "அதான். அதான்." காலண்டரா? இல்லை. கண்ணாடியா? இல்லை. ஆணியில் தொங்கிய என் லேப் அடையாள அட்டை. எடுத்துக் கொடுத்தேன். தாளைத் தடவித் தேடி, அடித்த பொம்மையின் மேல் அட்டையை வைத்தார்.

"என்னை வேலைக்குப் போகச் சொல்றீங்களா?"

"அதான்."

இது என் பதில் இல்லை. நான் ஆசைப்பட்டது இதற்கு நேர் எதிர். அப்படியென்றால் இது அவர் சொன்னதுதான். இருபத்தோரு வருடமாக என்னோடு வாழ்கிற அதே மனுஷன்தான் இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

தோற்றுப்போய் இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. ஆனால் மாமாவிடம் என்ன சொல்வது?

ஆகஸ்ட் 13, புதன்

மாமாவுக்குப் போன் செய்ய நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாமாவே வந்துவிட்டார். தட்டில் தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"அன்னைக்கு ஒன்னு சொன்ன, இன்னைக்கு ஒன்னு சொல்ற. நாளைக்கு என்ன சொல்லுவான் அவன்?"

"நீங்களே கேளுங்க மாமா. நான் இருந்தா நான் சொல்லிக்குடுத்தேன்னு தோணும். நான் வெளியில போறேன்."

தாளையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டு வாய்க்கால் கரைக்குப் போய் நின்றேன். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கிளை வரையவே தெரியாத மனுஷர். வலது பக்கம் வரைந்துவிட்டால்? அவசரப்பட்டால்? இவர் களைத்துப்போய்க் கண்ணை மூடிவிட்டால், "பாத்தியா" என்பார். அரை மணி நேரம் ஆயிற்று.

மாமா வாசலுக்கு வந்தார். கையில் தாள். குத்தகைக்கு யார் என்று மேலும் கீழுமாக இரண்டு பெயர்கள் எழுதியிருந்தார். வீரையன், இளையபெருமாள். வீரையன் பெயர் இருந்த இடத்தில் தாளே கிழிந்துபோயிருந்தது.

"குத்தகைக்கு விடலாங்கறான். ஆனா வீரையனுக்கு வேணாங்கறான். பேரை வாசிச்சுக் காட்டினதும் பேனாவைப் புடுங்கிக் குத்திட்டான்." கிழிசலைத் தடவிப் பார்த்தார். "ஏழு வருஷத்துக்கு முந்தி மடை விவகாரத்துல ரெண்டு பேருக்கும் சண்டை. எனக்கே மறந்துபோச்சு மதி. இவனுக்கு ஞாபகம் இருக்கு."

பிறகு உள்ளே போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கமாக.

ஆகஸ்ட் 18, திங்கள்

இளையபெருமாள் வந்து ஒப்புக்கொண்டார். விதை மூட்டையையும் அவரே எடுத்துப் போனார். மூட்டை இருந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. பார்க்காமல் நடக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுபடி வேலை. பகலில் மாமாவின் மனைவி காளியம்மாள் அக்கா வந்து இவரைப் பார்த்துக்கொள்கிறார். பஸ் அம்மாபேட்டை தாண்டும் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ரத்த மாதிரிகளின் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மதியம் அக்காவே கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கான். நான் மருந்துப் படத்தைக் கோணலா வரஞ்சிட்டேனாம், சிரிக்கிறான். நீ வேலையப் பாரு."

அக்டோபர் 22, புதன்

மழை. பஸ் தாமதம். பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்தேன். ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பயம் போகாது போலிருக்கிறது. இதோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை நடந்து முடிந்திருந்தது. மாமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வரப்போரத்துப் புங்கமரத்தை வெட்டலாமா என்று கேட்டு ஒரு தாள் வரைந்தாராம். மரமா விளக்குமாறா என்று தெரியாத ஒரு படம். இவர் அதன்மேல் குறுக்குக்கோடு போட்டாராம். மாமா மறுபடி வரைய, இவர் மறுபடி போட, ஏழு தாள் போயிருக்கிறது.

"என்ன மாமா, காபி போடறேன், உக்காருங்க."

"எனக்கு ஒன்னும் வேணாம். ஒம்புருஷன்ட்ட பேசி ஜெயிக்க முடியுமா? சின்ன வயசுலேருந்தே இப்படித்தான், புடிச்சா புடி." காபி குடிக்காமலே போய்விட்டார்.

உள்ளே இவர் கட்டிலில் சாய்ந்து, ஏழு தாளையும் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.